ஏதோ வயலட் பூ: ஒரு கடிதம்

ஐயாவுக்கு வணக்கம்,

எனக்கு ஊர் குடியாத்தம். அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. ஆண்டு திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்று மாமா சொன்னதால் ரத்தினகிரிக்குக்கூடப் போகவில்லை. போன ஞாயிறு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலோரமாகத் தனியே நடந்தேன். மணல்மேடு முழுக்க ஏதோ வயலட் பூ. அப்பா படத்துக்கு வைக்க ஒரு கொடியை இழுத்துப் பிடுங்கிவந்தேன், வீடு வருவதற்குள் பூ வாடிவிட்டது. இரண்டு நாள் இடுப்பு வலி. இன்னும் நீண்ட தூரம் நடக்கலாமா? நடந்தால் மறக்குமா?

ம.

அன்புள்ள தம்பி,

மாமா மனம் நோகவேண்டாம், மலை இருக்கட்டும்.

ஆனால் "ஏதோ வயலட் பூ" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. இலை நடுவே பிளந்து குளம்பு மாதிரி இருந்திருக்குமே, அது அடம்பு. குறுந்தொகை 243ஆம் பாட்டில் மானின் அடியைப் போன்ற இலை என்று வருவது இதுதான். அந்தப் பாட்டில் தலைவி, அவனை இனி நினைக்கமாட்டேன், என் கண்கள் தூங்கட்டும் என்கிறாள். அவள் கேட்டது தூக்கம் மட்டும். நீங்களும் இப்போதைக்கு அதை மட்டும் கேளுங்கள்.

பூ வாடியது பஸ் வெக்கையால் மட்டுமில்லை. அடம்பு காலையில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். கொடியிலேயே விட்டிருந்தாலும் அந்தப் பூவுக்கு அன்று ஒரு பொழுதுதான். கொடியில் மறுநாள் வேறு பூ வந்திருக்கும், அதைத்தான் பிடுங்கிவிட்டீர்கள். அதன் ஒவ்வொரு கணுவும் மணலுக்குள் வேர்விடும். காற்று அள்ளிவரும் மணல் இலையில் தட்டி விழ, கொடி அதற்கு மேலே ஏறிப் படரும். மேடு வளர்வது இப்படித்தான். ஒரு முழம் இழுத்தால் நாலைந்து கணு பெயர்ந்து வரும், அந்த இடத்தில் காற்று பள்ளம் பறிக்க ஆரம்பிக்கும். அந்த மேடுதான் பின்னாலிருக்கும் குப்பத்துக்குக் காவல். துக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

இடுப்பு வலிக்கு வருகிறேன். கரை கடல் பக்கம் சரிந்திருக்கும். தெற்கே நடந்தால் இடது கால் எப்போதும் பள்ளத்தில். அப்படியே ரோடு ஏறி பஸ் பிடித்திருப்பீர்கள். பாதி தூரம் போய் அதே கரையில் திரும்புங்கள், இரண்டு காலுக்கும் சமமாகும். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் நடங்கள், உலர்ந்த மணல் கெண்டைக்காலை இழுக்கும். மேட்டைத் தாண்டும்போது ஷூ வேண்டும், இராவணன் மீசைப் புல்லின் நுனி ஊசி போல உள்ளங்காலில் ஏறும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தனியே போகாதீர்கள். கடலில் இறங்கவே வேண்டாம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக் கரையோரம் நடக்க அனுமதி கிடையாது, அதைச் சுற்றித்தான் போகவேண்டும்.

பாலாற்று முகத்துவாரத்தையும் நடந்து கடக்காதீர்கள். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று ஆளை முழுக்கும். வாயலூர்ப் பாலத்துக்கு ஏறி வாருங்கள். உங்கள் ஊர்க் கவுண்டன்ய ஆறு பாலாற்றில் சேர்ந்து கடலைத் தொடுவது அந்த முகத்துவாரத்தில்தான், தம்பி. உங்கள் அப்பா பார்த்த வெள்ளமெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கும். அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாலும் போய்ச் சேர்வதற்குள் பூ சுருங்கத் தொடங்கிவிடும். முந்தின நாளே மாமல்லபுரத்தில் தங்கி, விடியும்போது கரையில் இருங்கள். படத்துக்குக் குடியாத்தத்திலேயே சாமந்தி வாங்கிக்கொள்ளலாம்.