கணக்கு வாத்தியார் கையில் கேமரா: இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு வீடியோ தயாரிப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கருவி வாங்கவும் பணம் இல்லை. எப்படிச் சமாளிப்பது? பிள்ளைகளுக்கு இதனால் பிற்பாடு ஏதாவது பயன் உண்டா?"

சம்பந்தம் இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொழிற்கல்விப் பிரிவில் கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் எடுக்கிறேன், பள்ளியின் வீடியோ வேலைகளும் பல வருஷமாக என் பொறுப்பில்தான். இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தினால் இரண்டுமே சப்பென்று போய்விடும். வீடியோ வேலையில் வரும் பில், செலவுச் சீட்டுகளை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். நான் செய்வது அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. கையால் வேலை கற்பதுதான் அதன் நோக்கம். ஆனால் கணக்கு வகுப்பில் கையால் செய்ய என்ன இருக்கிறது? "அறைகலன் வாங்கியது ரூ. 5,000" என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் பற்று, வரவு போட்டுவிடுவார்கள். அந்த நாற்காலிக்கு ஒரு பில் இருந்திருக்கும், அதில் ஒரு தேதி, ஒரு கையெழுத்து இருந்திருக்கும் என்பது அவர்கள் நினைப்பிலேயே இருக்காது. பில்லையே பார்க்காமல் தணிக்கையியலில் சான்றாய்வு, அதாவது பதிவுகளைப் பில்லோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதுகிறார்கள்.

இப்போது ஒரு ஷூட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விளையாட்டு விழாவை ஐந்து நிமிட வீடியோவாக்க வேண்டும். ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழு. அதில் ஒரு பிள்ளை காசாளர், கையில் 500 ரூபாய். அப்புறம் நடப்பதெல்லாம் பாடம்தான். ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுத்தார்கள், பில் கிடையாது. அப்போது என்ன செய்வது? சான்றுச்சீட்டு ஒன்றைத் தாங்களே எழுதி, பணம் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மெமரி கார்டு ரீடர் வாங்கிய கடையில் கொடுத்தது வழவழப்பான தெர்மல் தாள். சட்டைப் பையில் கிடந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். அதனால் வாங்கிய உடனே போனில் படம் எடுத்துவை என்கிறேன். ஷூட்டிங் முடிந்ததும் செலவான தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்து மறுபடி 500 ஆக்குகிறேன். முன்பண மீட்பு முறை என்று பலகையில் எழுதிப் போட்டு மணிக்கணக்கில் விளக்கினாலும் ஏறாத விஷயம், மீதிச் சில்லறையை எண்ணும்போது ஏறிவிடுகிறது. இரண்டு ரூபாய் குறைந்தால் அந்தக் குழுவே டீக்கடை வரை போய் விசாரித்துவிட்டு வரும்.

டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் கடைசிப் பாடமே டேலிதான். பள்ளியில் உரிமம் வாங்கியிருக்க மாட்டார்கள், கல்விப் பதிப்பில்தான் ஓட்ட வேண்டும். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். எங்கள் கணக்குப்படி எல்லா விழாவும் ஒன்றாம் தேதியோ இரண்டாம் தேதியோதான் நடக்கும்! உண்மைத் தேதியை விவரக் குறிப்பில் எழுதச் சொல்லிவிடுகிறேன். சீட்டில் ஒரு தேதி, கணினியில் ஒரு தேதி. ஏன் என்று தணிக்கையாளர் கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்று அதையும் ஒரு கேள்வியாக்கிவிடலாம்.

இதைவிட முக்கியமானது, உள்ளூர் ஸ்டுடியோக்காரரின் கணக்கு. உங்கள் ஊரிலும் தெரிந்த ஒருவர் இருப்பார், வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரிடம் ஒரு டைரியும் வங்கிப் பாஸ்புக்கும் ஜிபே வரலாறும்தான் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடம் என்ன? 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்'. அந்தப் பாடம் நேரில் நடந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருப்பார்.

காதுகுத்து விழாவுக்கு 10,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார், விழா அடுத்த மாதம். இது வருமானமா? வகுப்பில் பெரும்பாலோர் ஆமாம் என்றுதான் கை தூக்குவார்கள். விழா தள்ளிப்போனால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள். முன்கூட்டிப் பெற்ற வருமானம் ஏன் பொறுப்புப் பக்கம் (பிறருக்குத் தர வேண்டியவற்றின் பக்கம்) போகிறது என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்காது.

தேய்மானமும் அப்படித்தான். கேமரா 75,000 ரூபாய், மூன்று வருஷம் கழித்து விற்றால் 30,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருஷா வருஷம் ஒரே அளவு மதிப்பைக் குறைக்கும் நேர்கோட்டு முறையில் வருஷத்துக்கு 15,000. வருஷத்தில் 60 வேலை வந்தால் ஒரு வேலைக்கு 250 ரூபாய் கேமராவே தின்கிறது. "ஒரு நாளைக்கு 1,500 வாங்குகிறேன், பெட்ரோல் போக எல்லாம் லாபம்" என்று நினைத்த பையன் இதைப் போட்டுப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கம்பெனி வேலையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 50,000 ரூபாய்க்கு விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்த தனிநபருக்கு 49,500 தான் வந்து சேரும். வருமான வரிச் சட்டப்படி தனிநபருக்கு ஒரு சதவீதம் பிடித்திருப்பார்கள். அந்த 500 தொலைந்த பணம் இல்லை, அவர் பேரில் அரசிடம் கட்டிய வரி. வருமான வரித் துறை இணையதளத்தில் அவர் பேரில் இருக்கும் வரி விவரத்தில் அதைத் தேடிக் காட்டினால் ஸ்டுடியோக்காரரே ஆச்சரியப்படுவார்.

சரி, வீடியோ பக்கம். நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் பயப்பட வேண்டாம், ஆரம்பத்தில் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். வகுப்பறையில் போனில் எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். போன் பழுது இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். போன்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படம், என்ற கணக்கில் இருக்கும். அது மினுக்கலோடு ஒத்துப்போகாது. அமைப்புகளைக் கையால் மாற்றும் புரோ மோடுக்குப் போய் 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை வாங்கும் நேரம்) 1/50 நொடி என்று வைத்தால் பட்டை போய்விடும். பிள்ளைகளிடம் விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஷட்டரை 1/60, 1/50, 1/100 என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்கட்டும்.

ஒலி இன்னும் பெரிய தொல்லை. படம் சுமாராக இருந்தால் மன்னித்துவிடுவார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காலர் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள், யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும்.

கருவிக்குப் பணம் இல்லை என்கிறீர்கள். ஒரு நல்ல போன், காலர் மைக், ட்ரைபாட் போதும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம், ஆனால் பள்ளி ஆய்வகத்தின் பழைய கணினி அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்காவிட்டால் போனிலேயே வெட்டி ஒட்டலாம். பணம் கொஞ்சம் கிடைத்தால் கேமரா வாங்கப் போகாதீர்கள், ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 22 ஜிபி போகும். ஆண்டு விழா ஒன்றே பென்டிரைவ்களை விழுங்கிவிடும். ஃபைல் பெயரில் தேதி, நிகழ்ச்சி, வரிசை எண் இருக்க வேண்டும். பேரேட்டில் பக்க எண் போடப் பழகிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை பாதி மிச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். விட்டுவிட்டால் கேமரா பையன்களிடம் போய்விடும், கணக்கு நோட்டும் ஸ்கிரிப்டும் பெண் பிள்ளைகளிடம் வந்துவிடும். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, தானாக நடக்கும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஆளை மாற்றுகிறேன். போன முறை காசாளராக இருந்தவர் இந்த முறை கேமரா பிடிக்க வேண்டும். கேமரா பிடித்தவர் சீட்டுகளை ஒட்டிக் கணக்கு முடிக்க வேண்டும், அதை இன்னொரு குழு தணிக்கை செய்யும். "சார், எனக்கு கேமராதான் வரும்" என்று முதலில் முறுக்கிக்கொள்வார்கள். செய்முறை மதிப்பெண் இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்றால் வழிக்கு வந்துவிடுவார்கள்.

தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, செய்முறைக்குத் தொடர்ந்து இரண்டு பீரியடு. ஒற்றைப் பீரியடில் ட்ரைபாடை விரிப்பதற்குள் மணி அடித்துவிடும். இன்னொன்று, வீடியோவில் முகம் தெரியும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம். அது இல்லாமல் எதையும் வெளியே பதிவேற்ற விடாதீர்கள். பின்னணிக்குச் சினிமாப் பாட்டைப் போடுவதும் வேண்டாம்.

பிற்பாடு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் பி.காம் போவார்கள். வீட்டுச் சூழ்நிலையால் உடனே வேலைக்குப் போகிறவர்களுக்கு, டேலியில் பதிவு போடத் தெரிவதோடு ஒரு பில்லைப் பார்த்தால் எந்தத் தலைப்பில் போக வேண்டும் என்றும் தெரிந்திருந்தால் தணிக்கையாளர் அலுவலகத்தில் கதவு திறக்கும். ஸ்டுடியோவில் எடிட்டிங் உதவியாளராகச் சேர்கிறவர்களும் உண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவு, முகூர்த்த மாதங்களில் தூக்கம் கிடையாது. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சினிமாதான் என்று நிற்கும் பிள்ளைக்குச் சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது. ஆனால் ஒளிப்பதிவு போன்ற சில பிரிவுகளுக்கு பிளஸ் டூ-வில் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்பார்கள், நம் பிரிவுப் பிள்ளைகள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். எந்தப் பிரிவுக்கு என்ன பாடம் கேட்கிறார்கள் என்று பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்து, பிள்ளையிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.