பின்முற்றத்தில் சிறு குளம் அமைத்தால் கோடையில் அதையும் சுற்றியுள்ள செடிகளையும் சேர்த்துப் பராமரிக்க முடியுமா?

வீட்டின் பின்புறம் மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் அல்லிக்குளம் ஒன்று அமைக்க விரும்புவதாகவும், கோடையில் நீர் பச்சையாகிக் கெட்டுவிடுமோ, செடிகளுக்கு ஊற்றவே தண்ணீர் போதாத காலத்தில் குளம் கூடுதல் சுமையாகிவிடுமோ என்று தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தயக்கம் நியாயமானதே. ஆயினும் குளத்தையும் செடிகளையும் இரண்டு தனி வேலைகளாக வைத்துக்கொள்வதால்தான் அந்தச் சுமை வருகிறது என்பது பல ஆண்டுகளாகக் குளத்தோடு சேர்த்துத் தோட்டம் வளர்த்துவரும் என் உறுதியான எண்ணம். குளத்து நீர் செடிக்குப் போகவும், செடிக்கு ஊற்றியிருக்க வேண்டிய புதுநீர் குளத்துக்கு வரவும் வழிசெய்துகொண்டால் ஒரே தண்ணீர் இரண்டு இடத்திலும் பயன்படும். அதற்கேற்ற குளத்தை, ஆண்டின் மிக வெப்பமான வாரத்தை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, அல்லி நன்றாகப் பூக்க நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். காலை வெயில் முழுமையாக விழுந்து, பிற்பகலில் சுவரின் நிழலோ பந்தலின் நிழலோ படரும் இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மரத்தடி வேண்டாம், உதிர்ந்த இலைகள் அடியில் அழுகும், வேர்கள் விரிப்பைத் துளைக்கும். தோட்டத்தின் மிகத் தாழ்வான மூலையும் வேண்டாம், ஏனெனில் மழை பெய்யும்போது உரமும் மண்ணும் கரைந்து நேராகக் குளத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. அதே வெப்பத்தில் மீனின் உடலியக்கம் வேகமெடுத்து அதன் ஆக்சிஜன் தேவையும் உயர்கிறது. வரவு குறைந்து செலவு கூடும் இந்த நெருக்கடி, பகலில் விரைவாகச் சூடேறும் ஆழமற்ற குளத்தில்தான் மிகக் கடுமையாக வெளிப்படும். எனவே மீன் விடும் எண்ணம் இருந்தால் நடுப்பகுதி குறைந்தது 60 சென்டிமீட்டராவது இருக்கட்டும். 75 சென்டிமீட்டர் இருந்தால் நான் இன்னும் நிம்மதியாகப் பரிந்துரைப்பேன். குளத்தின் ஒரு பக்கத்தில் 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு படி விட்டால் கரையோரச் செடிகளின் தொட்டிகளை அதில் வைக்கலாம். இன்னொரு பக்கத்தைச் சரிவாக விட்டு அதில் கூழாங்கற்களைப் பரப்புங்கள். தவறி விழும் சிறு உயிர்கள் ஏறி வெளியேறவும், பறவைகள் நின்று நீர் அருந்தவும், தவளைகள் வந்துபோகவும் அந்தச் சரிவு ஒன்றே போதும்.

தோண்டியபின் விளிம்பு முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில் அவசரப்படாதீர்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும், நீர் நிரப்பிய கண்ணாடி போன்ற நெகிழிக் குழாயே இதற்குச் சிறந்த கருவி. ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தாலும் நீர் அந்தப் பக்கமே வழியும், எதிர்ப்பக்கத்தில் விரிப்பு வெளியே தெரியும், வெயில் பட்டுப் பட்டு அது விரைவில் வீணாகும்.

குழியில் கூரான கற்களையும் வேர்த்துண்டுகளையும் அகற்றி, சலித்த மணலை இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் தடித்த துணிவிரிப்பு ஒன்றைப் போட்டு, அதற்கும் மேலே குளத்துக்கான இபிடிஎம் ரப்பர் விரிப்பைப் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமன் வீட்டுக் குளத்துக்குப் போதுமானது. சாதாரணத் தார்ப்பாய் வெயிலைத் தாங்காமல் நொறுங்கிவிடும் என்பதால் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். விரிப்பின் அளவைக் கணக்கிடுவது எளிது: குளத்தின் நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கைக் கூட்டி, இருபுறமும் விளிம்புக்காக 30 சென்டிமீட்டர் வீதம் சேர்க்க வேண்டும், அகலத்துக்கும் அவ்வாறே. மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் குளத்தின் ஆழம் 75 சென்டிமீட்டர் என்றால் 5.1 மீட்டருக்கு 4.1 மீட்டர் விரிப்பு தேவைப்படும். படியும் சரிவும் போக, இத்தகைய குளத்தில் ஏறத்தாழ 3,000 லிட்டர் நீர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். விளிம்பைக் கற்களால் மூடுவதைக் குளம் நிரம்பிய பிறகு செய்யுங்கள், ஏனென்றால் நீரின் எடையில் விரிப்பு கீழே இழுபட்டுப் படியும்.

சிமென்ட் தொட்டியாகக் கட்ட விரும்பினால் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதுச் சிமென்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை மிகவும் உயர்த்திவிடும். பலமுறை நீர் நிரப்பி வடித்து, காரத்தன்மை இறங்கியதைச் சோதனைத் தாளில் பார்த்த பிறகே அதில் உயிர்களை விட வேண்டும்.

குழாய்நீரில் குளோரின் கலந்திருந்தால் ஓரிரு நாள் திறந்த நிலையில் விட்டாலே பெரும்பகுதி வெளியேறிவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த நீர் அப்படித் தானாகத் தெளிவதில்லை; அதற்கு சோடியம் தயோசல்பேட் போன்ற நீக்கி தேவை. மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. நீர் நிரம்பியதும் மீன் வாங்க ஓடாதீர்கள் என்று மிகவும் அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களிலும் தொட்டிகளிலும் விரிப்பிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு, நைட்ரேட்டோ செடிக்கு உணவு. அந்த வாரங்களைச் செடிகள் வேரூன்றுவதற்காக ஒதுக்குங்கள்.

அல்லிக்கு அகலமான, ஆழம் குறைந்த தொட்டியே ஏற்றது. கடையில் கிடைக்கும் இலேசான தொட்டிக்கலவையைப் போட்டால் அது மிதந்து நீர் முழுவதும் பரவும். கனமான களிமண்ணே வேண்டும். கிழங்கைச் சற்றுச் சாய்வாக வைத்து, வளரும் நுனி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, மேற்பரப்பில் சிறு கூழாங்கற்களை இட்டு மூட வேண்டும். முதலில் தொட்டியை ஆழமில்லாத படியில் வைத்து, இலைகள் மேலே வர வரச் சிறிது சிறிதாக ஆழத்துக்கு இறக்குங்கள். ஒரு பூ மூன்று, நான்கு நாள் விரிந்து மூடிப் பின் நீருக்குள் தாழும். அதையும் மஞ்சளான இலைகளையும் அடிக்காம்போடு நறுக்கி எடுத்துவிட்டால் புதியவை விரைவில் எழும். உரமாத்திரையை மண்ணுக்குள் ஆழமாக அழுத்திப் புதைக்க வேண்டும், நீரில் தூவக் கூடாது. அல்லியின் இலைமீது நீர் தெறித்துக்கொண்டே இருப்பதை அது விரும்பாது; எனவே நீரூற்று வைப்பதானால் எதிர்மூலையில் வையுங்கள். தாமரை எனக்கும் மிகப் பிடித்ததுதான் என்றாலும், அதன் கிழங்கு ஓடும் வேகத்துக்கு அதற்கென்று பெரிய தனித்தொட்டி கொடுப்பதே நல்லது.

கரையோரப் படியில் வசம்பு, நீர்பிரமி, வல்லாரை, கல்வாழை, சேம்பு ஆகியவை தொட்டிகளில் சிறப்பாக வளரும். சம்பங்கோரை பார்க்க அழகாயிருந்தாலும் அதன் கூரிய கிழங்குநுனி விரிப்பைத் துளைக்கக்கூடும் என்பதால் விரிப்பிட்ட குளத்தில் நான் அதைச் சேர்ப்பதில்லை. நீருக்குள் மூழ்கி வளரும் வேலம்பாசி ஒன்றிரண்டு கொத்து இருக்கட்டும். மிதக்கும் வகைகளில் வெங்காயத்தாமரை சத்தை உறிஞ்சி நீரைத் தெளிய வைப்பதில் வல்லது. ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து பரவி உலகெங்கும் ஏரிகளையும் ஆறுகளையும் மூடிய செடி அது. பல இடங்களில் அதை வளர்ப்பதற்கே தடை உண்டு. தடையில்லாத இடத்திலும் களைந்ததை வாய்க்காலில் எறியாமல் காயவைத்து உரக்குழியில் இடுவது நம் கடமை.

முதல் சில வாரங்களில் நீர் பச்சையாவது இயல்பு. புதுநீரில் சத்தும் வெயிலும் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்த இலைகள் இன்னும் வளரவில்லை. அந்த இடைவெளியில் நுண்பாசி பெருகுகிறது. அப்போது பயந்துபோய் நீர் முழுவதையும் மாற்றினால் புதுச் சத்தோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதாகிவிடும். நீர்ப்பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இலைகள் மூடும்போது பாசி பட்டினி கிடந்து அடங்கும். நீளநீளமாய் வளரும் இழைப்பாசியை மட்டும் குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம். எடுத்ததைச் செடிகளின் அடியில் மூடாக்காக இடலாம்.

மீன்களைக் குறைவாக விடுங்கள். இருபது சிறு மீன்கள் விட ஆசை இருந்தால் ஐந்தாறோடு நிறுத்துங்கள். கோடையில் வரும் சிக்கல்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தங்கமீன் இந்த அளவுக் குளத்துக்குப் பொருந்தும், கோய் மீனுக்கு இது போதாது. உணவை இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். பலரும் நண்பகலைத்தான் ஆபத்தான நேரம் என்று நினைக்கிறார்கள். பகலில் செடிகளும் பாசியும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீன்களைப் போல அதைச் செலவழிக்கின்றன. ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். வெப்பமான நாட்களில் அதிகாலையில் குளத்தருகே சென்று பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் உடனே நீரை அசைக்க வேண்டும். பகலில் மட்டும் ஓடும் சூரியமின் நீரூற்று இந்த வேளையில் உதவாது. இரவிலும் ஓடும் சிறு காற்றேற்றியோ பம்போதான் காப்பாற்றும். மின்கம்பியைத் தேர்ந்த மின்பணியாளரிடம் கொடுத்து, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியோடு இணைக்கச் செய்யுங்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் ஆவியானதாகப் பொருள். உங்கள் குளத்தின் ஆறு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் இறங்கினால் 30 லிட்டர் போகிறது. அதைவிட வேகமாக இறங்குவதாகத் தோன்றினால், ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படியில் வைத்து, வாளியிலும் குளத்திலும் மட்டத்தைக் குறித்து, மறுநாள் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் ஆவியாதல், குளம் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிவு.

ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, அதில் கரைந்த உப்புகள் தங்கிவிடுகின்றன. குறைந்ததை ஈடுசெய்ய மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் வாரத்துக்கு வாரம் நீர் கடினமாகிக்கொண்டே போகும். அதனால் வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை, அதாவது சுமார் 300 லிட்டரை, அடிப்பகுதியிலிருந்து எடுத்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, அந்த அளவுக்குப் புதுநீரை மெதுவாக விடுவதே என் வழக்கம். அடிநீரில் நைட்ரேட்டும் வண்டலும் இருப்பதால் செடிகள் அதற்கு நன்றாகவே பதில் சொல்கின்றன. செம்பருத்தியின் இலையில் அந்தப் பசுமையைக் கண்கூடாகப் பார்க்கலாம். குளத்தில் பாசிக்கொல்லியோ மீன்மருந்தோ இட்டிருந்தால் மட்டும் அந்த நீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

ஊற்றும் முறையும் முக்கியம். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கி வெயிலில் வாடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் ஆழமாக நனைத்தால் அவை கீழே இறங்கிக் குளிர்ந்த மண்ணைத் தேடும். தொட்டிச்செடிகள் மட்டும் இதற்கு விலக்கு, அவற்றுக்குக் கடும்வெயிலில் நாள்தோறும் நீர் வேண்டும். நண்பகலில் இலை துவண்டிருப்பதைப் பார்த்தவுடன் தண்ணீரோடு ஓட வேண்டியதில்லை. பல செடிகள் வெப்பத்தில் தற்காலிகமாகத் துவண்டு மாலையில் நிமிர்ந்துவிடும். மாலையிலும் நிமிராவிட்டாலோ, விரலை மண்ணுக்குள் விட்டால் ஈரமே தட்டுப்படாவிட்டாலோதான் அது உண்மையான தாகம். காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வரை மூடாக்காக இட்டு, தண்டைத் தொடாமல் சிறிது இடைவெளி விடுங்கள். குளத்தைச் சுற்றிய வெயிலான இடத்தில் வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா, பத்துமணிப்பூ ஆகியவை கோடையைத் தாங்கிப் பூக்கும். கடும்வெயிலில் உரத்தை அள்ளி இடுவதும், பெரிதாகக் கவாத்து செய்வதும், நாற்றை இடம்மாற்றி நடுவதும் வேண்டாம்.

கொசுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். வெப்பமான நீரில் கொசு முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். மீனும் தட்டானின் இளம்பூச்சிகளும் வாழும் குளத்தில் அதன் புழு தப்புவது அரிது. செடித்தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளில் தேங்கும் நீரையே நான் அதிகம் சந்தேகிப்பேன், அவற்றை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துவிடுங்கள். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை இதற்கென்று வாங்க வேண்டாம். அது தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும், வெளிநீர்நிலைகளுக்குப் போனால் அங்குள்ள மீன்களையும் நெருக்கும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உறுதியான கம்பிவலையைப் பொருத்துங்கள் அல்லது குழந்தை வளரும் வரை குளத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆழம் குறைவு என்பது இதில் பாதுகாப்பே ஆகாது.

வெயில் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பே தோண்டிவிடுவது சிறந்தது. கோடை ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்றால் குளத்தை நிரப்பி அல்லியையும் கரையோரச் செடிகளையும் இப்போது நட்டுவிட்டு, மீன்களை மட்டும் வெப்பம் தணிந்த பிறகு விடுங்கள்.