40 தாண்டின முடி: எண்ணெய் போத்தலை வச்சிட்டு மொதல்ல ரத்தத்தைப் பாருங்க

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல 40, 50 வயசுல இருக்கிற நம்ம பொம்பளைங்க அனுப்பினது. அதுல நெறைய பேர் "டொக்டர் முடி கொட்டுது எந்த எண்ணெய் நல்லம்"னு ஒத்த வரியில கேட்டிருக்கீங்க. வயசு இல்ல, எத்தன மாசமான்னு இல்ல, பீரியட் வருதா நின்னுடுச்சா, பிரஷர் சுகர் தைரொய்டுக்கு என்ன குளிசை போடுறீங்க, எதுவுமே இல்ல. இப்படி கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. விபரமா எழுதினவங்களுக்குத்தான் இங்க பதில்.

தலவாக்கலை, 47 வயசு: தலைக்கு குளிச்சா கை நெறைய முடி வருது. ஒரு நாளைக்கு எவ்வளவு கொட்டினா பயப்படத் தேவல்ல?

சுமார் 100 முடி வரைக்கும் சாதாரணம். குளிருக்குப் பயந்து கிழமைக்கு ஒரு தரம்தான் தலைக்கு ஊத்துறீங்கன்னா அந்த ஏழு நாள் முடியும் ஒண்ணாத்தான் வரும், அது கை நெறைய இருக்கத்தான் செய்யும். எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. வகிடு அகலமாகுதா, ரப்பர் பேண்ட் மொதல்ல ரெண்டு சுத்து சுத்தினது இப்ப மூணு சுத்து போகுதா, அதைப் பாருங்க. ஒரே ஜன்னல் வெளிச்சத்துல நின்னு மூணு மாசத்துக்கு ஒரு தரம் வகிட்ட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, டொக்டர்கிட்ட போகும்போது அதுதான் உதவும்.

ஹட்டன், 45: கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம். இப்ப கொத்துக் கொத்தா கொட்டுது. மொட்டையாயிடுமா?

ஆகாது. பெரிய ஆபரேஷன், கடும் காய்ச்சல், பிள்ளப்பேறு, வீட்ல ஒரு சாவு, திடீர்னு உடம்பு எடை கொறையிறது, இதெல்லாம் நடந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் முடி கொட்டத் தொடங்கும், அதனால நெறைய பேருக்கு காரணமே ஞாபகம் வராது, நேத்து மாத்தின ஷாம்பூ மேல பழியைப் போட்டுடுவாங்க. வேர் சாகல, வளர்ற முடியில ஒரு பெரிய பங்கு ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான். அநேகமா ஆறு மாசத்துக்குள்ள கொட்டுறது அடங்கும். முடி மாசத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஒரு வருசம் கிட்ட போகும். நீங்க எழுதாம விட்ட ஒண்ணு முக்கியம்: கர்ப்பப்பைய மட்டும் எடுத்தாங்களா, சினைப்பையையும் சேர்த்து எடுத்தாங்களா? ரெண்டும் எடுத்திருந்தா ஒரே நாள்ல மெனோபோஸ் வந்த மாதிரி, அப்ப கதை வேற. டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்க, புரியலன்னா அடுத்த கிளினிக்ல கேளுங்க. ஆபரேஷனுக்கு முந்தி ரத்தப்போக்கு கூடுதலா இருந்திருக்கும், அதனால சேமிப்புல இருக்கிற இரும்பைக் காட்டுற ஃபெரிட்டின் ரத்த டெஸ்டும் செஞ்சு பாருங்க.

நுவரெலியா, 46: எஃப்பிசி (முழு ரத்த டெஸ்ட்) செஞ்சேன், ஹீமோகுளோபின் 12.1, நோர்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒரு வருசமா முடி மெலிஞ்சுகிட்டே போகுது, மேட்டுல ஏறினா மூச்சு வாங்குது. பீரியட் இப்பல்லாம் எட்டு ஒம்பது நாள் போகுது. எந்த எண்ணெய் போடலாம்?

கடிதத்துலயே பதிலை எழுதிட்டு கடைசியில எண்ணெய் கேட்டிருக்கீங்க. எட்டு ஒம்பது நாள் ரத்தம் போற ஒருத்தருக்கு எண்ணெய் என்னங்க செய்யும்?

மொதல்ல அந்த 12.1. கர்ப்பமா இல்லாத பொம்பளைக்கு 12க்கு கீழ போனா ரத்தசோகைன்னு கணக்கு, சரி. ஆனா அது கடல் மட்டத்துல இருக்கிறவங்களுக்கான கணக்கு. நுவரெலியா கிட்டத்தட்ட 1900 மீட்டர் உயரம். உயரத்துல ஒக்சிஜன் கொறைவு, அதை ஈடு கட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டி வச்சிருக்கும், அதனால மலையில இருக்கிறவங்களுக்கு அளவையும் கூட்டித்தான் பாக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. உங்க ஊர் உயரத்துக்கு அந்த 12ஓட சுமார் ஒண்ணு கூட்டி 13ன்னு வைங்க. அப்படிப் பாத்தா உங்க 12.1 கொறைவுதான். கொழும்புல அச்சடிச்ச ரிப்போர்ட்ல நோர்மல்னு இருக்கிறதுக்காக மனசைத் தேத்திக்காதீங்க.

ரெண்டாவது, ஹீமோகுளோபின் கொறையிறது கடைசிக் கட்டம். அதுக்கு முந்தியே சேமிப்புல இருக்கிற இரும்பு தீந்துடும், அந்த சேமிப்பைக் காட்டுறதுதான் ஃபெரிட்டின். இரும்பு பத்தாட்டி உடம்பு உயிருக்குத் தேவையான இடத்துக்குத்தான் மொதல்ல குடுக்கும், முடி கடைசி வரிசையில நிக்குது. ஃபெரிட்டின் 15க்கு கீழ போனா குறைபாடுன்னு உறுதி, ஆனா முடி விசயத்துல 30, 40க்கு மேல இருக்கணும்னு எதிர்பாக்குற ஸ்கின் டொக்டர்மார் நெறைய பேர், நானும் அந்தக் கட்சிதான். காய்ச்சல், கிருமி ஏதும் இருக்கும்போது செஞ்சா பொய்யா கூடிக் காட்டும், சுகமா இருக்கும்போது செய்யுங்க.

மூணாவது, இதுதான் எனக்கு ஆத்திரம் வர்ற இடம். இந்த வயசுல பீரியட் கூடுதலா போனா "நிக்கிற வயசு, அப்படித்தான் போகும்"னு அம்மா சொல்றாங்க, பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, நாமளும் அதை நம்பி நாலு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு கொழுந்து பறிக்கிறோம், கடையில நிக்கிறோம், ஸ்கூல்ல படிப்பிக்கிறோம். ஏழு நாளுக்கு மேல போறது, ஒரு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் மாத்துறது, கட்டி கட்டியா போறது, இது எதுவும் "அப்படித்தான்" இல்ல. ஃபைப்ராய்ட், அதாவது கர்ப்பப்பையில வளர்ற கட்டி, இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம், ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். பீரியட் நின்னு ஒரு வருசம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாக்கூட அந்தக் கிழமையே டொக்டர்கிட்ட போகணும். 35 தாண்டின பொம்பளைங்களுக்குன்னே எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ் வழியா வெல் வுமன் கிளினிக் காசில்லாம நடக்குது, போய் இதை வாய் திறந்து சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

வீட்லயும் பாருங்க. மீன் துண்டு அவருக்கு, முட்டை பிள்ளைங்களுக்கு, நமக்கு ரொட்டியும் சம்பலும், அதுக்கு மேல சுடச்சுட ஒரு பிளேன்டீ. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா கீரை, பருப்புல இருக்கிற இரும்பு உடம்புல சேர்றது பாதிக்கும் கீழ போயிடும். தேயிலைக்கு நடுவுலயே பொறந்து வளந்த நம்மகிட்ட தேத்தண்ணிய விடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழிச்சுக் குடிங்க, அவ்வளவுதான் கேக்குறேன். சாப்பாட்டுல ஒரு பாதி தேசிக்காய் பிழிஞ்சுக்கோங்க, இல்லாட்டி ஒரு கொய்யாப்பழம். நெத்தலி, ஈரல், முட்டை உங்க பீங்கானுக்கும் வரணும்.

இதை வாசிச்சிட்டு நேரா பாமசிக்குப் போய் இரும்புக் குளிசை வாங்காதீங்க. தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோயோட மரபு உள்ளவங்களுக்கும் ரத்தம் கொறைவா காட்டும், அவங்களுக்கு சும்மா இரும்பு குடுத்துக்கிட்டே இருக்கக் கூடாது. ஃபெரிட்டின் பாத்துட்டு டொக்டர் சொன்னா போடுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் நல்லா சேரும், வயிறும் கொறைவாத்தான் பெரட்டும். பாலோடயோ கல்சியம் குளிசையோடயோ தேத்தண்ணியோடயோ சேர்த்து முழுங்காதீங்க. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. முடியில வித்தியாசம் தெரிய நாலு, ஆறு மாசம் எடுக்கும்.

மஸ்கெலியாவில இருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 54, இன்னும் கொழுந்து பறிக்கிறாங்க. நடுத்தலையில கூடைக் கயிறு படுற இடத்துல பட்டையா முடி இல்ல.

நல்ல பிள்ளை, அம்மாவுக்காக எழுதினதுக்கு சந்தோசம். வருசக்கணக்கா ஒரே இடத்துல பாரம் இழுத்து, உரசி, வேர் நொந்துபோறதால வர்றது இது. மழை நாள்ல ஈரக் கொழுந்து இன்னும் பாரம். அந்த இடத்துல விரலை வச்சுப் பாருங்க: பூனை முடி மாதிரி சின்னச் சின்னதா தெரிஞ்சா வேர் இன்னும் உயிரோட இருக்கு, இழுவை கொறைஞ்சா திரும்ப வரும். தோல் மழமழன்னு பளபளத்து துவாரமே தெரியலன்னா வேர் தழும்பாயிடுச்சு, திரும்ப வராது, மிச்சம் இருக்கிறதைத்தான் காப்பாத்தணும். கயிறுக்கு கீழ தடிப்பா மடிச்ச பருத்தித் துணி வைக்கச் சொல்லுங்க, கயிறு படுற இடத்தை மாத்தி மாத்தி போடணும், தோள்ல மாட்டுற மாதிரி பட்டி தைக்க முடிஞ்சா அது எவ்வளவோ மேல். வேலை முடிஞ்சு வந்ததும் இறுக்கிக் கட்டின கொண்டையை அவிழ்த்து விடணும். கழுத்து வலி இருக்கான்னும் கேளுங்க, இருக்கும், சொல்ல மாட்டாங்க.

பண்டாரவளை, 52: "இயற்கை ஹென்னா"ன்னு போட்ட பக்கெட் கறுப்பு டை, அஞ்சு வருசமா போட்டேன் ஒண்ணும் ஆகல. போன மாசம் கண்ணு ரெண்டும் வீங்கிடுச்சு.

அஞ்சு வருசம் ஒண்ணும் ஆகலங்கிறது பாதுகாப்பு இல்ல. அலர்ஜி அப்படித்தான், எத்தன வருசம் போட்டாலும் ஒரு நாள் திடீர்னு வரும், வந்தா அப்புறம் போகாது. சுத்தமான மருதாணி நரை முடியில செம்மஞ்சளாத்தான் பிடிக்கும். பத்து நிமிசத்துல கறுப்பாகுதுன்னா அதுல கறுப்பு டையில போடுற பிபிடி ரசாயனம் இருக்கும், பக்கெட்ல இலை படம் போட்டிருந்தாலும் சரி. நீங்க இனி கறுப்பு டை எதுவும் தொடக் கூடாது, வேற கொம்பனியும் சேர்த்துத்தான். சலூன்லயும் முன்கூட்டியே சொல்லுங்க. அடுத்த தடவை மூச்சுத் திணறல் வந்தா நேரா ஆஸ்பத்திரி.

மத்தவங்க, ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சு 48 மணித்தியாலம் பாத்துட்டுப் போடுங்க. இதை எத்தன தடவை எழுதியாச்சு.

கண்டி, 50: பீரியட் நின்னு ஒரு வருசம். வகிடு அகலமாகி உச்சந்தலை தெரியுது. மினொக்சிடில் போடலாமா?

இரும்பு, தைரொய்டு ரெண்டும் பாத்தாச்சான்னு எழுதல. பாத்துட்டு சரின்னா, தலையில பூசுற இந்த முடி வளர்ற மருந்தைப் போடலாம். ஈஸ்ட்ரஜன் கொறைஞ்சதும் முடி வளர்ற காலம் சுருங்குது, ஒவ்வொரு சுத்துலயும் முன்னையவிட மெலிஞ்ச முடியா மொளைக்குது, உங்களுக்கு நடக்கிறது அதுதான். பொம்பளைங்களுக்கு 2 சதவீத திரவம் ரெண்டு வேளை, இல்லாட்டி 5 சதவீத நுரை ஒரு வேளை. தலைத்தோல்ல படணும், முடியில இல்ல. மொதல் ஒரு மாசம் ஒண்ணரை மாசம் கூடுதலா கொட்டும், அதைப் பாத்து பயந்து நிறுத்துறவங்கதான் அதிகம், நிறுத்தாதீங்க. ஆறு மாசம் குடுங்க. விட்டா பழைய நிலைக்கே போகும். நெத்தியில வழிஞ்சா முகத்துல முடி வளரும், கைய கழுவுங்க, வீட்ல பூனை இருந்தா நக்க விடாதீங்க, அதுக்கு விஷம். இதய வருத்தம் உள்ளவங்க டொக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க.

பதுளை, 58: முன்நெத்தி முடி ஒரு விரல் பின்னால போயிடுச்சு, புருவமும் கொட்டிடுச்சு. வயசுதானே?

இல்ல. இந்தக் கிழமையே ஸ்கின் கிளினிக் போங்க. மெனோபோஸுக்குப் பிறகு வர்ற ஒரு வகை இருக்கு, நெத்தி ஓரமா வேரைத் தழும்பாக்கிட்டே போகும், புருவம் போறது அதுக்கு பெரிய அடையாளம். 1994லதான் மருத்துவ உலகம் இதைத் தனியா எழுதி வச்சுச்சு, அதனால நெறைய பேர் வயசுன்னு விட்டுடுறாங்க. போனது வராது, ஆனா மருந்தால அந்த இடத்தோட நிறுத்தப் பாக்கலாம், ஒவ்வொரு மாசமும் முக்கியம்.

ராகலை, 41: பொடுகும் அரிப்பும். தேங்காயெண்ணெய் வச்சா கூடுது.

கூடத்தான் செய்யும், பொடுகுக்குப் பின்னால ஒரு பூஞ்சணம் இருக்கு, அதுக்கு தலையில இருக்கிற எண்ணெய்தான் சாப்பாடு. கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூ கிழமைக்கு ரெண்டு தடவை, அஞ்சு நிமிசம் ஊற விட்டு அலசுங்க, நாலு கிழமை. குளிர்ல காயாத தலையை அப்படியே கொண்டை போடாதீங்க. தேங்காயெண்ணெய் கெட்டதுன்னு நான் சொல்லல. முடித்தண்டுக்குள்ள போய் புரதம் கழுவுப்படாமக் காக்குறதுல அது நல்லம், 2003ல வந்த இந்திய ஆய்வொண்ணு அதைக் காட்டிச்சு. குளிக்கிறதுக்கு முந்தி முடியோட கீழ் பாதிக்கு வைங்க, தோலுக்கு வேணாம். முடி மொளைக்க வைக்கிற வேலை எந்த எண்ணெய்க்கும் தெரியாது.

வெலிமடை, 43: நரை முடி ஒண்ணைப் புடுங்கினா பத்து வருமா?

வராது. ஆனா புடுங்கிக்கிட்டே இருந்தா அந்த வேர் கெட்டுப்போகும். கத்திரியால வெட்டிவிடுங்க. பி12 விட்டமின் கொறைஞ்சாலும் நரைக்கும், சைவம் மட்டும் சாப்பிடுறவங்களா இருந்தா அதைப் பாருங்க.

மாத்தளை, 49: பயோட்டின் குளிசை ஆறு மாசமா போடுறேன், இப்ப தைரொய்டு ரிப்போர்ட் ஒரு மாதிரி வந்திருக்கு.

பயோட்டின்ங்கிற இந்த விட்டமின் ரத்தத்துல கூடுதலா இருந்தா தைரொய்டு டெஸ்டையே பிழையா காட்டும், நெஞ்சுவலிக்கு எடுக்கிற ட்ரோபோனின் டெஸ்டையும்தான். டொக்டர்கிட்ட சொல்லி ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு திரும்ப செய்யுங்க. சாப்பாட்டுலயே போதுமானது கிடைக்குது, உண்மையான குறைபாடு ரொம்ப அரிது.

பெயர், ஊர், வயசு இல்லாம தலை போட்டோ மட்டும் அனுப்பி "டொக்டர் இதுக்கு என்ன" கேட்டவங்களுக்கு

போட்டோவுல ஒரு ரூபா காசு அளவு வட்டமா முடி இல்லாம இருக்கு, தோல் வழுவழுன்னு. புழுவெட்டா இருக்கலாம், படர்தாமரையாவும் இருக்கலாம், ரெண்டுக்கும் மருந்து வேற வேற, படத்தைப் பாத்து எழுதித் தர மாட்டேன். வெங்காயச் சாறு, பூண்டு எதுவும் தேய்க்காம, தோல் வெந்துபோறதுக்கு முந்தி நேர்ல போய்க் காட்டுங்க. போகும்போது போடுற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.