வீடு நியூஜெர்சியில் இருந்தால் வழக்கறிஞரும் அங்கேதான்

கேள்வி: வேலை போனதால் நியூஜெர்சியின் எடிசனில் உள்ள எங்கள் வீட்டைக் கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு, வங்கியின் சம்மதத்தோடு, ஷார்ட் சேல் முறையில் விற்க முயல்கிறோம். இன்னொரு வங்கியில் ஹோம் ஈக்விட்டி கடனும் (அதே வீட்டை ஈடாக வைத்து வாங்கிய இரண்டாம் கடன்) இருக்கிறது. வங்கி ஊழியர்கள் எங்களை அவமதித்து அலைக்கழிக்கிறார்கள். மீதிக் கடன் தானாகவே போய்விடும் என்கிறார்கள் இங்குள்ள நண்பர்கள். இப்போது வசிக்கும் சான் ஹோசேயிலேயே தமிழ் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தலாமா?

பதில்: வங்கி ஊழியர்கள் நடந்துகொண்ட விதத்தால் உங்கள் கடனில் ஒரு டாலர்கூடக் குறையப்போவதில்லை, ஆகவே அதை விட்டுவிடுவோம். நியூஜெர்சியில் தொழில் செய்ய உரிமம் பெற்ற, இத்தகைய விற்பனைகளை நடத்திய வழக்கறிஞரே உங்களுக்குத் தேவை. நண்பர்கள் சொல்வது 2011 முதல் நீங்கள் வசிக்கும் கலிபோர்னியாவில் உள்ள சட்டம். அது நியூஜெர்சி வீட்டைக் காப்பாற்றாது. அங்கே எல்லாம் வங்கியின் ஒப்புதல் கடிதத்தில் உள்ள வாசகத்தைப் பொறுத்தது.

என்னிடம் வந்தவர்களில் பலர் சிக்கியது அந்த வாசகத்தில்தான். "அடமானத்தை விடுவிக்கிறோம்" என்று கடிதத்தில் கண்டதும் கடனே தீர்ந்ததாக நம்பிக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். அந்த வரி வாங்குபவருக்கு வில்லங்கமற்ற வீட்டைத் தருகிறதே தவிர, நீங்கள் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் அப்படியே உயிரோடு இருக்கிறது. அதை விலைக்கு வாங்கிய வசூல் நிறுவனம் பின்னாளில் உங்கள் மீது வழக்குத் தொடரலாம். மீதித் தொகையை வசூலிக்கும் உரிமையையும் கைவிடுவதாக இரு வங்கிகளும் எழுதித் தராதவரை விற்பனையை முடிக்காதீர்கள். இரண்டாம் வங்கி மறுத்தால் வீம்பு வேண்டாம். திரட்ட முடிந்த ஒரு தொகையைக் கொடுத்துச் சமரசமாக முடித்துக்கொள்வதே நல்லது. அந்தத் தொகை முதல் வங்கிக்குத் தெரிந்து, விற்பனைக் கணக்கில் பதிவாக வேண்டும். மறைவாகக் கொடுப்பதும், அதே வீட்டை மைத்துனர் பெயரில் வாங்கிவிட்டு, வாங்குபவரோடு உறவே இல்லை என்று உறுதிமொழி தருவதும் மோசடிக் குற்றமாகும்.

ரியல்டர் (வீட்டு விற்பனை முகவர்) தயாரிக்கும் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் பரிசீலித்து நிராகரிக்க நியூஜெர்சியில் 3 வேலை நாட்களே உண்டு என்பதால், கையெழுத்திடுவதற்கு முன்பே ஒருவரை அமர்த்திவிடுங்கள். இரண்டாம் கடன் கொடுத்தவரிடமிருந்து மீதிக் கடனுக்கான விடுதலையை முந்தைய விற்பனைகளில் எப்படிப் பெற்றார் என்று முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேளுங்கள். தெளிவாக விளக்க முடியாதவர் உங்களுக்கு வேண்டாம்.

தள்ளுபடியான கடனை வங்கி 1099-சி படிவத்தில் வரித்துறைக்குத் தெரிவிக்கும். அது உங்கள் வருமானமாகக் கருதப்படலாம். அந்தச் சமயத்தில் உங்கள் கடன்கள் சொத்து மதிப்பை மிஞ்சியிருந்தால், 982ஆம் படிவத்தின் மூலம் அந்த அளவுக்கு விலக்குக் கோரலாம். அதற்கான கணக்குகளை இப்போதே சேர்த்து வையுங்கள்.