45,000 கட்டுவதற்கு முன்னால் பட்டறை நோட்டை எடுங்கள்

அண்ணா, வணக்கம்.

சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் வந்துவிட்டுப் போனதிலிருந்து அந்த எக்செல் ஷீட் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆப் செய்வதற்கான ஏழு கருவி, பதினாறு கட்டம், பச்சை சிவப்பு மஞ்சள் எல்லாம் போட்டு, ஃப்ளட்டருக்கு எத்தனை மார்க், ரியாக்ட் நேட்டிவுக்கு எத்தனை மார்க் என்று பாப்பா அழகாகத்தான் போட்டிருக்கிறாள். ஆனால் "இதில் எதையாவது உன் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தாயா?" என்று நான் கேட்டதும் அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள், நீங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தீர்கள். அதனால்தான் அங்கேயே ஒன்றும் சொல்லாமல், எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

முதலில் பணம். கோர்ஸுக்குக் கேட்கிற அந்த 45,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டாம். திங்கட்கிழமைக்குள் கட்டினால் பாதி விலை என்று சொல்கிறவர்களிடம் அதற்கடுத்த திங்கட்கிழமை போனாலும் அதே பாதி விலைதான் இருக்கும், போய்ப் பாருங்கள். ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ, அவற்றைச் செய்தவர்களே பாடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் இங்கிலீஷும் நிறையப் பொறுமையும் இருந்தால் போதும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சொன்னால்தான் கை ஓடும் என்கிற பிள்ளைகள் உண்டு, அவர்களை நானே கோர்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன். பாப்பா அந்த ரகம் இல்லை. அவளுக்குக் குறை, செய்து பார்க்கப் பயம்.

"ஒரே தடவை எழுதினா கம்ப்யூட்டர், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாத்துலயும் ஓடுமாமே, அப்புறம் எதுக்கு இத்தனை கருவி?" என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. உங்கள் கொலுசுப் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் ஒன்றுதான், ஆனால் கைக்குழந்தைக் கொலுசுக்கும் கல்யாணக் கொலுசுக்கும் பற்ற வைப்பது, மணி கோப்பது, திருகாணி போடுவது எல்லாம் தனித்தனிக் கைவேலைதானே. இங்கேயும் பெரும்பகுதியை ஒரே தடவையில் எழுதிவிடலாம். மிச்சம் இருக்கிற கைவேலையை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு வழியில் போகிறது.

எலக்ட்ரான் என்பது குரோமியம் பிரௌசரையே மூட்டை கட்டித் தன்னோடு தூக்கிக்கொண்டு போகும். ஒன்றுமே செய்யாத ஆப்கூட 100 எம்.பி.யைத் தாண்டிவிடும், ஆனால் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். பாப்பா கோட் எழுதுகிற வி.எஸ். கோடே எலக்ட்ரானில் செய்ததுதான். மொபைலுக்கு இது ஆகாது. டௌரி அந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, வெப் பக்கத்தைக் காட்டுவதற்குக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற வெப்வியூவையே பயன்படுத்திக்கொள்ளும், அதனால் சில எம்.பி.யில் வேலை முடிந்துவிடும், 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து மொபைலுக்கும் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தை வரைவது விண்டோஸில் ஒரு எஞ்சின், மேக்கில் வேறு எஞ்சின் என்பதால் இங்கே சரியாக இருந்த திரை அங்கே கோணலாகலாம், உள்ளே கொஞ்சம் இறங்கினால் ரஸ்ட் மொழி வேறு நிற்கும். ஃப்ளட்டர் யாரிடமும் எதையும் கடன் வாங்காது, ஒவ்வொரு பொத்தானையும் தானே வரைந்துகொள்ளும், அதற்கு டார்ட் என்று தனி மொழி. ரியாக்ட் நேட்டிவ் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் போனில் இருக்கிற சொந்தப் பொத்தான்களையே எடுத்துப் போடும். கோட்லின் மல்டிபிளாட்பார்ம், கணக்குப் பகுதியைப் பொதுவாக வைத்துக்கொள், திரையைப் பொதுவாகவும் செய்யலாம் தனியாகவும் செய்யலாம் என்கிறது. ஆண்ட்ராய்டு வேலைக்கே போகப்போகிறேன் என்கிறவர்களுக்கு அது நல்ல வழி. மைக்ரோசாஃப்டின் மாவி ஏற்கெனவே சி ஷார்ப் மொழி தெரிந்தவர்களுக்கு, பாப்பா அதை ஷீட்டிலிருந்து அடித்துவிடலாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2013 வாக்கில் சேலம் அம்மாபேட்டைப் பையன்கள் இரண்டு பேரை நான்தான் ஃபோன்கேப் படிக்க அனுப்பினேன். அன்றைக்கு அதுதான் இந்த "ஒரே தடவை எழுதினால் போதும்". பெரிய கம்பெனி பின்னால் இருக்கிறது, தைரியமாகப் போங்கள் என்று சொன்னேன். 2020ல் அடோபி அதை மூடிவிட்டது. மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஸாமரின் என்ற இதே ரகக் கருவிக்கும் 2024 மே மாதத்தோடு ஆதரவு நின்றுபோனது, ஆக பெரிய கம்பெனி என்பது உத்தரவாதம் இல்லை. அந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு ஜாவாஸ்கிரிப்ட் நன்றாகக் கைவந்திருந்தது, அதை வைத்து வெப்சைட் செய்கிற ரியாக்டுக்குத் தாவிவிட்டான். இன்னொருவன் எந்த மெனுவில் எதை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் பண்ணியிருந்தான். இப்போது செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்கிறான், ஆனாலும் அந்த இரண்டு வருஷம் என் கணக்கில்தான் இருக்கிறது.

சரி, பாப்பா என்ன செய்ய வேண்டும்? உங்கள் பட்டறைக் கணக்கு நோட்டை எடுத்து அவளிடம் கொடுங்கள். யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தது, கொலுசாகத் திரும்பி வந்தது எத்தனை, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, பாக்கி எவ்வளவு. மூன்றே மூன்று திரை. இதையே ஒரு வாரம் ஃப்ளட்டரில் செய்யட்டும், அடுத்த வாரம் முதலிலிருந்து ரியாக்ட் நேட்டிவில் செய்யட்டும். பட்டறையில் ஆண்ட்ராய்டு போன், ஆபீஸில் விண்டோஸ் கம்ப்யூட்டர், இரண்டிலும் ஓட வேண்டும் என்பது நிபந்தனை.

இதில் முதல் நாளே ஒரு வேடிக்கை நடக்கும். கம்ப்யூட்டரில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டும். ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படித்தான், டார்ட்டிலும் அப்படித்தான், தசமத்தை அது இரண்டின் அடுக்காக மாற்றி வைத்துக்கொள்வதால் வருகிற வினை. ஒரு எடைக்கு இது தூசு. ஒரு நாளைக்கு நாற்பது எடை, மாதத்துக்கு ஆயிரத்துக்கு மேல் எடை என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் "பாக்கி பூஜ்யமா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லும், பணியாள் முழுசாகத் திருப்பிக் கொடுத்திருந்தாலும். தீர்வு சாதாரணம், கிராமாக வைக்காமல் மில்லிகிராமாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும், 12.350 கிராம் என்றால் 12350. இன்டர்வியூவில் இதை ஒரு தடவை அவள் பட்டறைக் கதையோடு சொல்லிவிட்டால், எந்தக் கருவி தெரியும் என்று கேட்கிறவர்களே இரண்டாவது கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள். இது ஏழு கருவிக்கும் பொது.

அடுத்தது தமிழ். திரையில் பெரும்பாலும் எல்லாமே நன்றாகத் தெரியும், அதை நம்பி விட்டுவிடக்கூடாது. "கொலுசு", "கோவிந்தசாமி", "ஸ்ரீதேவி" இந்த மூன்றையும் அடித்து, பில்லை பி.டி.எஃப். ஆக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொலுசு என்பதில் க-வுக்கு முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பு, பின்னால் போய் அநாதையாக நிற்கும், பல இடங்களில் நான் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் க முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிக்கிறார்கள், அதை இடம் மாற்றி அடுக்குவது எழுத்தை வரைகிற எஞ்சினின் வேலை. திரைக்கு வரைகிற எஞ்சினுக்கு அது தெரியும், பி.டி.எஃப். செய்கிற லைப்ரரிக்கு, அதாவது அதற்கென்று ஏற்கெனவே எழுதி வைத்த கோடுக்கு, தெரியாமல் இருக்கலாம். யூட்யூப் ஒப்பீட்டு வீடியோ எதிலும் இந்தக் கட்டம் இருக்காது, பாப்பாவின் பதினாறு கட்டத்திலும் இல்லை. நம்ம ஊர்க் கடைக்காரன் முதலில் பார்ப்பது பில்லைத்தான்.

அப்புறம் சிக்னல். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்கு, காப்பிப்பழம் பறிக்கிறவர்களின் எடையைப் பதிவு செய்ய ஒரு மாணவன் ஆப் செய்து கொடுத்தான். சேலத்தில் ஐந்து ரோடு பகுதியில் உட்கார்ந்து காட்டியபோது பிரமாதமாக ஓடியது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, அதற்கும் மேலே தோட்டத்துக்குள் போனதும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது, மேஸ்திரி பத்து நிமிஷம் பார்த்துவிட்டு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டார். ஒவ்வொரு தட்டலுக்கும் சர்வரைக் கேட்கிற மாதிரி எழுதியிருந்தான். குறை கருவியில் இல்லை, முதலில் போனிலேயே சேமித்து, சிக்னல் கிடைக்கும்போது மேலே அனுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். பாப்பாவை ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், மலை ஏறத் தேவையில்லை.

இன்னும் இரண்டு சோதனை, சுருக்கமாக. உங்கள் டிஜிட்டல் தராசில் கேபிள் சொருகும் இடம் இருந்தால், எடையைக் கையால் அடிக்காமல் நேராகக் கம்ப்யூட்டருக்குள் வாங்க முடிகிறதா, அதற்கு எந்தக் கருவியில் எத்தனை நாள் மல்லாட வேண்டியிருக்கிறது என்று பார்க்கட்டும். இன்னொன்று, அவளுடைய புதுப் போனில் ஓட்டிக் காட்டக்கூடாது, பட்டறையில் இருப்பதிலேயே பழைய போன் எதுவோ அதில்.

எல்லாம் முடிந்த பிறகு, கருவியின் புதுப் பதிப்பு வந்தால் அதற்கு மாற்றிப் பார்க்கட்டும். எங்கெல்லாம் உடைகிறது, அதைச் சரிசெய்ய வழி எழுதி வைத்திருக்கிறார்களா, கேட்டால் பதில் வருகிறதா என்பதில்தான் ஒரு புதுக் கருவியின் ஆயுசு தெரியும். ரியாக்ட் நேட்டிவ் 2024 அக்டோபரில் 0.76 பதிப்பில் உள்கட்டமைப்பையே மாற்றியது, அதற்கு முந்தைய வீடியோக்களைப் பார்த்து அப்படியே அடித்தால் பல இடங்களில் பிழை என்று சிவப்பு எழுத்துதான் வரும். விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் படிக்க வேண்டும். தங்க இடம் பிடித்துத் தருகிற ஏர்பிஎன்பி 2018ல் ரியாக்ட் நேட்டிவை விட்டது, பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா தன் கைட் ஆப்பை நேட்டிவிலிருந்து (ஒவ்வொரு வகைப் போனுக்கும் தனித்தனியாக எழுதுவது) ரியாக்ட் நேட்டிவுக்கும் அங்கிருந்து ஃப்ளட்டருக்கும் மாற்றியது, இரண்டு பேருமே காரணத்தை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். புகழ்ந்து எழுதிய பத்துக் கட்டுரையைவிட இந்த இரண்டு போதும்.

என் முடிவைக் கேட்டீர்கள். பட்டறைக்கு என்றால் ஃப்ளட்டர் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன், ஆண்ட்ராய்டும் விண்டோஸும் ஒரே இடத்திலிருந்து வரும், ரியாக்ட் நேட்டிவுக்கு விண்டோஸ் பக்கம் தனியாக ஒரு ஏற்பாடு, அதை இணைப்பதில் அவள் ஒரு வாரம் அழுவாள். ஆனால் வேலைக்கு என்றால் ரியாக்ட், அதன் மேல் ரியாக்ட் நேட்டிவ். மொபைல் வேலை கிடைக்காவிட்டாலும் அதே படிப்பு வெப்சைட் வேலைக்கு ஆகும், ஜாவாஸ்கிரிப்டை காலேஜில் ஏற்கெனவே தொட்டிருக்கிறாள். டௌரி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனாலும் முதல் வேலைக்கு அதை நம்பி இறங்கச் சொல்லமாட்டேன், லீவில் விளையாடிப் பார்க்கட்டும். என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வேலைவாய்ப்புத் தளங்களில் ஒவ்வொரு கருவியின் பெயரையும் போட்டு, பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர் மூன்று ஊரையும் தேர்ந்தெடுத்து, அனுபவம் பூஜ்யம் முதல் ஒன்று வரை என்று வடிகட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணி எழுதி வைக்கட்டும். எக்செல் ஷீட் அதற்கு உதவும்.

செலவு பற்றி. மேக் லேப்டாப் வாங்கித் தர வேண்டும் என்று அவள் அடம் பிடிக்கலாம். ஐபோன் ஆப்பைக் கட்டி முடிக்க மேக் வேண்டும் என்பது நிஜம்தான், ஆப்பிளுக்கு வருஷம் 99 டாலர் கட்ட வேண்டும் என்பதும் நிஜம். உங்கள் பட்டறையில் எத்தனை பேர் ஐபோன் வைத்திருக்கிறார்கள்? இப்போதைக்கு வேண்டாம். இருக்கிற லேப்டாப்பில் ரேமை 16 ஜி.பி. ஆக்கிக் கொடுங்கள், கம்ப்யூட்டருக்குள்ளேயே போன் மாதிரி ஓடுகிற எமுலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தவிக்காமல் நிஜப் போனைக் கேபிளில் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். கூகுள் பிளேயில் போடுவதற்கு ஒரே ஒரு தடவை 25 டாலர். புதுசாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் அந்த ஆப்பைச் சோதிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஊரில் பல பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள், உங்களுக்கு என்ன, அண்ணன் தம்பி மச்சான் வகையறாவை எண்ணினாலே பன்னிரண்டு தாண்டும்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வாங்க. அதற்கு முன்னால் ஒரு நாள், பட்டறையில் வயதில் மூத்த பணியாள் கையில் போனைக் கொடுத்து அன்றைய கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளட்டும், அந்தத் தாளைத்தான் நான் பார்க்க வேண்டும். நோட்டும் கூடவே ஓடட்டும் அண்ணா. பாப்பா செய்ததாச்சே என்று ஆப்பை மட்டும் நம்பி வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.