கொஸ்த்ரோமா தீக்கோபுரம்

கேள்வி: ரஷ்யாவின் கொஸ்த்ரோமா நகரில் பழைய தீக்கோபுரம் ஒன்று இருக்கிறதாமே? அதன்மேல் ஏறி நின்று என்ன செய்தார்கள்?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வோல்கா ஆற்றங்கரை நகரம் அது. 1773-இல் பெருந்தீயில் அழிந்து, திட்டமிட்டு மீண்டும் எழுந்தது. மாநிலக் கட்டடக் கலைஞர் பியோத்தர் ஃபுர்சோவ் 1820-களில் இந்தக் கோபுரத்தை வடிவமைத்தார். உயரம் ஏறத்தாழ 35 மீட்டர். கீழே கோயில் முகப்புபோலத் தூண்கள், அதற்குமேல் எண்கோணக் கோபுரம். தீயணைப்பு நிலையத்துக்கு இத்தனை அழகா என்று வியக்கத் தோன்றும்!

உச்சியில் காவலர் முறை வைத்துச் சுற்றிலும் பார்ப்பார். புகை கண்டால் கீழே மணி ஒலிக்கும். குதிரை வண்டிகளில் தண்ணீர்ப் பீப்பாய்களும் கையால் இயக்கும் பம்பும் புறப்படும். அக்கால ரஷ்ய நகரங்களில் எந்த வட்டாரத்தில் தீ என்பதைக் கம்பத்தில் ஏற்றிய கறுப்புப் பந்துகளின் எண்ணிக்கையும் அமைப்பும் காட்டின. இரவில் பந்துக்குப் பதில் விளக்கு. எல்லாப் படைகளும் வரவேண்டுமானால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. நம்மூர் பொம்பாவின் (தீயணைப்புத் துறையின்) சைரனுக்கு முந்தைய ஏற்பாடு இது.

பனிமூட்டத்தில் கண் எட்டாது என்பதே இதன் பெரிய குறை. பின்னர் தொலைபேசி வந்தது, உயர்ந்த கட்டடங்கள் பார்வையை மறைத்தன. காவலர் வேலை முடிந்தது. ஆயினும் தீயணைப்புப் படை 2000-களின் தொடக்கம்வரை அங்கேயே இயங்கியது. இப்போது அது அருங்காட்சியகம்.