பூங்காவுக்கு டிக்கெட்டே கிடையாது

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு வயது 68, மூட்டுவலி உண்டு. நியூயார்க்கில் ஃபோர்ட் ட்ரையன் பூங்காவைக் காட்ட ஆசை. குன்றின் மேலிருந்து ஹட்சன் ஆறு தெரியுமாமே! நுழைவுச்சீட்டு, கார், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 90 டாலர் என்கிறார் ஒரு டூர் ஏஜென்ட். கொடுக்கலாமா? அம்மாவால் ஏற முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் ஜூனியர் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, ஓல்ம்ஸ்டெட் சகோதரர்கள் நிறுவனத்தை வைத்து வடிவமைத்து, நகரத்துக்குத் தானமாகக் கொடுத்த இடம் அது. 1935-ல் மக்களுக்குத் திறந்தார்கள். எதிர்க்கரையில் கட்டடம் முளைத்து அழகு கெடக்கூடாது என்று அங்கேயும் நிலம் வாங்கிப் பாதுகாத்தார் மனிதர். அப்படிப்பட்ட இடத்துக்குச் சீட்டு விற்பவரிடம், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இப்போது மூட்டுவலி. நியூயார்க் சப்வேயின் ‘ஏ’ (A) ரயிலில் 190-வது தெரு நிலையத்தில் இறங்கினால் லிஃப்ட் உண்டு, மேலே போனதும் பூங்கா வாசல் பக்கத்திலேயே. இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நடைமேடையிலிருந்து அந்த லிஃப்டை அடையவே படி ஏற வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. 1932-ல் திறந்த நிலையம். இத்தனை வருடத்தில் அந்தப் படிகளுக்கு ஒரு வழி செய்யவில்லை என்றால் வயதானவர்களை யார்தான் நினைக்கிறார்கள்? இன்னொன்று, பென்னட் அவென்யூ வழியாக வெளியே வந்துவிடாதீர்கள். அது குன்றின் அடிவாரம்.

எம்4 பேருந்தில் போங்கள். நேரம் அதிகம் ஆகும், ஆனால் படி கிடையாது. மார்கரெட் கார்பின் வட்டத்தில் இறங்கினால் எதிரிலேயே பூங்காவின் ஹீதர் தோட்டம். நடைபாதை ஓரமாக பெஞ்சுகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்தாலே ஆறும், எதிரே பாலிசேட்ஸ் பாறைச் சுவரும் தெரியும். இதற்காக மேலும் ஏற வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியில் போனால் அக்கரை மரங்கள் நிறம் மாறியிருக்கும்.

பணம் கேட்கும் இடம் ஒன்றுதான்: பூங்காவுக்குள் இருக்கும் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகம். ஏஜென்டுகள் இதையும் பூங்காவையும் ஒன்றாகக் குழப்பித்தான் விற்கிறார்கள். வயதுவந்தோருக்கு 30 டாலர், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 22. ‘விரும்பியதைக் கொடுக்கலாம்’ என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அது நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும், அதுவும் முகவரிச் சான்றோடு. நியூஜெர்சி என்றால் மாணவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. நீங்கள் வேலை பார்க்கிறீர்கள், ஆகவே முழுக் கட்டணம். நாளைக்கே நியூயார்க்குக்குக் குடிபோனாலும் சலுகை உங்களுக்குத்தான். விசிட்டர் விசாவில் வந்து உங்களோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு வராது. ஒரே வீடு என்று கவுன்டரில் வாதாடிப் பயனில்லை, அவருக்கு 22 டாலர் சீட்டை எடுங்கள். இந்தச் சலுகையைக் காட்டி ‘தள்ளுபடி டிக்கெட்’ விற்பவர்களை நம்ப வேண்டாம்; அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலோ கவுன்டரிலோ மட்டும் வாங்குங்கள். அதே சீட்டில் அன்றைக்கே ஐந்தாம் அவென்யூவில் உள்ள அதன் தாய் அருங்காட்சியகமான மெட்ரோபாலிட்டனுக்கும் போகலாம், ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு ஒரு நாளில் இரண்டும் அதிகம்.

புதன்கிழமை கிளாய்ஸ்டர்ஸ் விடுமுறை. மற்ற நாளில், தோட்டத்திலிருந்து அங்கே நடக்காமல் மறுபடியும் எம்4-இல் ஏறிவிடுங்கள். கிளாய்ஸ்டர்ஸ் அருகிலேயே இறக்கிவிடும்.